நாற்பதாம் நாள் கோதுமை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது தட்டில் எதையாவது ஒதுக்கி வைத்தால், ஏன் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. ஆந்திர எல்லையில், சத்தியவேட்டுக்கும் ஸ்ரீ சிட்டிக்கும் நடுவில் வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்குகிற ஒரு கெஸ்ட் ஹவுஸில் ஏழு வருஷமாகச் சமையல் பொறுப்பு என்னுடையது. கொரியாக்காரர், ஜப்பான்காரர், ஜெர்மன்காரர் என்று எத்தனையோ பேருக்குப் பரிமாறியிருக்கிறேன். எல்லாரையும் ஏன், எதற்கு என்று குடைந்ததில் என் ஓட்டை இங்கிலீஷ் கொஞ்சம் தேறியது. "உனுக்கு வாய்தான் சோறு போடுது" என்பார் என் வீட்டுக்காரர். அது பாராட்டா திட்டா என்று நானும் கேட்டதில்லை.

போன வருஷம் கிரீஸ் நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். ஃபேக்டரியில் ஒரு பெரிய மெஷினை இறக்கி, பூட்டி, ஓட்டிக் காட்டுகிற வேலை, மூன்று மாதம். ஐம்பது வயசு இருக்கும், என்னைவிட மூத்தவர்தான். ஆனால் எங்கள் ஆட்களைப் பார்த்து அவரும் என்னை "அக்கா" என்றே கூப்பிட்டார். நானும் திருத்தவில்லை.

முதல் புதன்கிழமையே அவர் தயிரை ஒதுக்கினார். வெள்ளிக்கிழமை நெய்யையும் முட்டையையும் ஒதுக்கினார். விரதம் என்று சொன்னதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அட நம்ம ஆள் என்று நினைத்தேன். அடுத்த புதன்கிழமை சுத்த சைவமாக நெய் விட்ட பருப்பு சாதமும் தயிர் வடையும் பால் பாயசமும் செய்து வைத்தேன். மனிதர் வெறும் சோற்றில் ஊறுகாயைப் பிசைந்து தின்றுவிட்டு, இறால் கிடைக்குமா என்று கேட்டார். விரத நாளில் இறால் கேட்கிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பால், நெய், முட்டை, கறி, மீன் எதுவும் கூடாதாம். ரத்தம் இல்லாத பிராணி என்பதால் இறால் மட்டும் பரவாயில்லையாம். பழவேற்காட்டு இறால் எங்களுக்குப் பக்கம்தான். வாங்கி வந்து நல்லெண்ணெயில் வதக்கிக் கொடுத்தேன், கூடவே சிரிப்பையும் அடக்கிக்கொண்டேன்.

உங்களுக்குச் சாமி நம்பிக்கை அதிகமோ என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆயுசு முழுக்கப் புதனும் வெள்ளியும் விரதம் இருந்தவள், இப்போது டாக்டர் பாலைக் குடி, முட்டையைத் தின்னு என்கிறார். அவளால் முடியாததால் அவளுக்குப் பதில் மகன் இருக்கிறார். இதைக் கேட்டதும் நான் சிரித்ததற்காக என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மூன்றாவது வாரம் அந்த அம்மா இறந்துபோனாள். அவர் ஓடிப்போய் அடக்கம் செய்துவிட்டுப் பத்து நாளில் திரும்பி வந்தார். மெஷின் பாதியில் கிடந்தது. திரும்பி வந்த பெட்டியில் ஒரு சின்ன மரப்பலகை இருந்தது. தங்கப் பூச்சுக்கு நடுவில் கறுத்த முகத்தோடு ஒரு அம்மா, கையில் குழந்தை. அதை மேஜையில் சாய்த்து வைத்து ஒரு கண்ணாடி கிளாஸில் விளக்கு ஏற்றுவதற்கு என்னிடம் எண்ணெய் கேட்டார். வேளாங்கண்ணி மாதாவா என்றேன். மாதாதான், வேளாங்கண்ணி இல்லை என்றார். அவர் அம்மாவின் வீட்டு விளக்கு அறுபது வருஷம் இதன் முன்னால்தான் எரிந்ததாம்.

எனக்கு ஒரே குழப்பம். நான் இன்டர், அதாவது பிளஸ் டூ வரைக்கும் தெலுங்கு மீடியத்தில் படித்தவள். எங்கள் சோஷியல் புத்தகத்தில் கிரீஸ் என்றால் ஒரே ஒரு படம்தான், குன்றின்மேல் வெள்ளைத் தூண்கள். பக்கத்தில் துணி இல்லாத சிலை ஒன்று. அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது வகுப்பே குனிந்து சிரிக்கும். அந்தத் தூண்களை எங்கே விட்டுவிட்டு இவர் மாதா படத்துக்கு விளக்கு ஏற்றுகிறார் என்று கேட்டே விட்டேன். அதற்கு அவர், அது பெரிய கதை, அப்புறம் என்றார். ஆனால் சாவுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார்.

கிட்டத்தட்ட நாலு வாரம் கழித்து அடுக்களை வாசலில் வந்து நின்றார். வருகிற சனிக்கிழமை நாற்பதாம் நாள். அன்றைக்குக் கோதுமையை அவித்து, சர்க்கரை, திராட்சை, பாதாம், மாதுளை கலந்து அம்மா பேரில் கொடுக்க வேண்டும். ஊரில் அவர் தங்கை கோயிலில் செய்கிறாள். இங்கே கோயிலும் இல்லை, அவர்கள் சாமியாரும் இல்லை, அது போகட்டும். ஆனால் தின்பதற்கு ஆள் வேண்டும். தின்கிறவர்கள் ஒரு வாய் போட்டுக்கொண்டு, கடவுள் அவளை மன்னிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது, குப்பையில் போகக் கூடாது. "ஆள் வருமா, அக்கா?" என்று கேட்டார்.

"ஏன் சார் வராது? நான் இருக்கேன்" என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும்.

சொன்ன பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. எங்கள் பக்கம் கருமாதி வீட்டுச் சாப்பாட்டை உறவுக்காரர்களும் ஊர்க்காரர்களும் அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டு, கால் கழுவிக்கொண்டு வருவார்கள். வீட்டுக்கு ஒரு பிடி கட்டிக்கொண்டு வர மாட்டார்கள். கல்யாணம் வைத்த வீட்டுக்காரர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். என் மகளுக்கு இன்னும் ஒன்றரை மாதத்தில் கல்யாணம். பத்திரிகைகூட அச்சுக்குப் போய்விட்டது. யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாவின் நாற்பதாம் நாளுக்கு எங்கள் ஆட்கள் ஏன் வாயைத் திறக்கப்போகிறார்கள்? நானே திறக்க மாட்டேனே. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சத்தியவேட்டுக் கடைகளில் ஆட்டா பாக்கெட்தான் இருந்தது, முழுக் கோதுமை இல்லை. வியாழக்கிழமை கம்பெனி காரில் நாகலாபுரம், புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போனோம். போகிற வழியில் நான் விடவில்லை. தூண் கதையைச் சொல்லுங்க சார் என்று பிடித்துக்கொண்டேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் அவருக்கும் தூண்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அந்தத் தூண்களைக் கட்டியவர்களின் வாரிசு நீ என்று. ஆனால் வீட்டில் அம்மா தன்னைக் கிரேக்கப் பெண் என்று சொல்லிக்கொள்ளவே மாட்டாளாம். "நாம ரோமருங்க" என்பாளாம். இத்தாலி ரோமா என்று நான் பாய்ந்தேன். இல்லையாம். ரோம ராஜா ஒருவர் கிழக்கே வந்து கடலோரத்தில் ஒரு புதுப் பட்டணம் கட்டினார். அங்கே ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக ராஜ்ஜியம் நடந்தது, பேசினது கிரேக்கம், சொல்லிக்கொண்ட பேர் ரோமர். படிக்கிறவர்கள் அதற்குப் பைசாந்தியம் என்று பேர் வைத்திருக்கிறார்கள், ஆனால் அங்கே வாழ்ந்த ஒருவருக்கும் அந்தப் பேர் தெரியாது. விரதம், விளக்கு, தங்கப் பூச்சு மாதா எல்லாம் அந்தப் பட்டணத்துச் சொத்து. இப்போது அந்தப் பட்டணம் துருக்கியில் இருக்கிறது. அவர் அம்மாவின் பெற்றோர் அந்தப் பக்கத்திலிருந்துதான் எல்லை தாண்டி, இந்தப் பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தவர்கள்.

"அந்தப் பட்டணத்துக்குப் பேர் இன்னா?" என்று கேட்டேன்.

பேர் இருக்கிறது, ஆனால் வீட்டில் யாரும் பேரைச் சொல்ல மாட்டார்கள், பட்டணம் என்றாலே அதுதான் என்றார்.

நான் காரில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரிலும் பட்ணம் என்றால் மெட்ராஸ்தான். யாரும் பேரைச் சொல்லிப் போவதில்லை. சேலை எடுக்கப் பட்ணம், கண் ஆபரேஷனுக்குப் பட்ணம், காலேஜுக்குப் பட்ணம். ஆனால் பட்ணம் தமிழ்நாட்டில், நாங்கள் ஆந்திராவில். அந்தப் பக்கம் போனால் எங்களைத் தெலுங்கு ஆளு என்பார்கள், திருப்பதிக்கு வந்தால் அரவ ஆளு, அதாவது தமிழ் ஆளு என்பார்கள். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தாய்மொழி என்ற இடத்தில் ஹெட்மாஸ்டர் என் நைனாவைக் கேட்காமலே தெலுங்கு என்று எழுதினார். நைனாவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, எது பட்டணம் இருக்கிற திசை என்று கேட்டார். நான் பின்னால் கை காட்டினேன்.

கோதுமையும் பாதாமும் வாங்கி முடித்ததும் அலிபிரியைப் பார்க்க வேண்டும் என்றார். திருமலைக்குப் படி தொடங்குகிற அந்த இடத்தில் ஒரு பெண் இடுப்பு வளைந்தபடி ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறினாள். அவர் அந்தப் பெண் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நகரவில்லை. அவர்கள் நாட்டில் ஒரு தீவில் பெண்கள் முட்டிபோட்டுக்கொண்டே கோயில் மேட்டுக்கு ஏறுவார்களாம், அம்மாவும் ஒரு தடவை ஏறியிருக்கிறாளாம். எதுக்காக ஏறினாங்க என்றேன். எனக்காக, சின்ன வயசில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார்.

வெள்ளிக்கிழமை கோதுமையை ஊறவைத்து அவித்தேன். வடித்து, துணியில் பரப்பி, ஈரம் போகக் காய வைக்க வேண்டும் என்றார். எங்கள் வெயிலில் அரை நாளில் புளித்துவிடும் என்று சொல்லி, அவருடைய அறையிலேயே என் வீட்டுக்காரரின் புது வேட்டியை விரித்து ஏசியைப் போட்டுப் பரப்பினோம். கோதுமை பார்க்க உதிரி உதிரியாக வறண்டிருந்ததால் என் கை தானாக நெய்க் கிண்ணத்துக்குப் போயிற்று. அவர் பாய்ந்து வந்து கோதுமையின்மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்தார். நெய் இல்லாமல் ஒரு பண்டம் எப்படிச் சாமிக்கு ஆகும் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

அங்கே பாதாம் தோலை உரித்துக்கொண்டிருக்கும்போது மிச்சக் கதையைக் கேட்டேன். அவர்கள் நாடு புதிதாக எழுந்தபோது படித்தவர்களும் வெளிநாட்டுக்காரர்களும் சேர்ந்து, தூண்தான் உங்கள் பெருமை, நடுவில் நடந்தது இருட்டு என்று சொன்னார்களாம். குன்றின்மேல் அந்தத் தூண்களைச் சுற்றி நடுவில் பல நூறு வருஷம் கட்டியதையெல்லாம் சுத்தம் செய்கிறோம் என்று இடித்துத் தள்ளினார்களாம். பின்னால் வேறு ஆட்கள் எழுந்து, அந்த நடுக்காலமும் நம்முடையதுதான், அதுதான் நம் வீட்டுக்குள் இருக்கிறது என்றார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. அவர் சின்ன வயசில் தூண் கட்சி. அம்மாவின் விளக்கைப் பார்த்தால் அவருக்கு வெட்கமாக இருக்குமாம்.

"அப்ப இந்தக் கோதுமை யாருது? தூண்காரங்களுதா, பட்ணத்துக்காரங்களுதா?" என்றேன்.

தூண் காலத்திலேயே செத்தவர்களுக்குத் தானியம் அவித்து வைப்பார்களாம். கோயில் மாறியும் பானை மாறவில்லை. "அம்மாவுக்கு இது தெரிஞ்சிருந்தா என்கூடப் பேசியிருக்க மாட்டா" என்று சொல்லி அவரே சிரித்தார். அப்புறம் கோதுமையைப் பார்த்துக்கொண்டே, நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று மறுபடியும் கேட்டார். நான் தலையைக் குனிந்து ஏற்கெனவே உரித்த பாதாமை மறுபடி உரித்தேன்.

இரவு முழுக்க யோசித்து நான் செய்த காரியம் இதுதான். சனிக்கிழமை காலையில் எல்லாரிடமும், சார் திருப்பதி போய் வந்தார் இல்லையா, பிரசாதம் தருகிறார், மத்தியானம் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை நாங்கள் போனது ஊருக்கே தெரியும், ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. பிரசாதம் என்றால் எங்கள் பக்கம் வேண்டாம் என்கிற வாயே கிடையாது.

மத்தியானம் முப்பது பேர் வந்தார்கள். மெஷினில் அவரோடு வேலை செய்தவர்கள், வாட்ச்மேன், தோட்டக்காரர், துணி துவைக்கிறவர்கள். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு, முகம் மழித்து, அறை வாசலில் நின்றார். பாத்திரத்தில் கோதுமைமேல் வெள்ளையாகச் சர்க்கரைத் தூள், அதன்மேல் பாதாமால் ஒரு சிலுவை. ஆட்கள் கிட்ட வருவதற்குள் அவர் அதைக் கரண்டியால் கலைத்துவிட்டார். அவர் அள்ளிக் கொடுக்கக் கொடுக்க, நான் பேப்பர் தட்டில் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொருவரும் இரண்டு கையால் வாங்கி, கண்ணில் ஒற்றி, "கோவிந்தா" என்று சொல்லி வாயில் போட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். மன்னிக்கட்டும் என்பதற்கு எங்கள் வார்த்தை அதுதான் என்று நினைத்துக்கொண்டார். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவரும் தலையைக் குனிந்து கோவிந்தா என்றார். அவர் கண் நிறைந்திருந்தது. எனக்கு உள்ளே முள் குத்தியது. ஆனாலும் காரியம் முடிகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியாக, அறைகளைச் சுத்தம் செய்கிற அக்கா வந்தார். அவருக்கு அறுபதை நெருங்குகிற வயசு, எல்லையோரத்து ஊர்க்காரர். தட்டை வாங்கினார், கண்ணில் ஒற்றினார், ஆனால் தின்னவில்லை. இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து அதில் கொட்டி முடிச்சுப் போட்டார்.

"இன்னாக்கா, துன்னலியா?" என்றேன்.

"என் பொண்ணு மாசமா இருக்குதும்மா. ஏழு. திருப்பதி பிரசாதம், அதுக்குக் குடுக்கறேன்."

என் கையிலிருந்த தட்டுகள் கீழே விழுந்தன. சாவுப் பண்டம் பிள்ளைத்தாய்ச்சி வாய்க்குப் போகப்போகிறது, அனுப்பி வைப்பது நான். நான் அந்தக் கவரை எட்டிப் பிடித்தேன். குடுங்க, வாணாம் என்றேன். அவர் ஏன் என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் ஏன் என்றார்கள். எனக்கு வேறு பொய் வரவில்லை. எல்லாரையும் ஏன் ஏன் என்று கேட்கிறவளை அன்றைக்கு முப்பது பேர் கேட்டார்கள். சொல்லிவிட்டேன். இது பிரசாதம் இல்லை, சாரோட அம்மாவுக்கு நாற்பதாம் நாள், நான்தான் பொய் சொன்னேன் என்று.

மென்றுகொண்டிருந்த வாயெல்லாம் நின்றது. ஒருவர் துப்பிவிட்டார். இரண்டு மூன்று பேர் தட்டை அப்படியே வைத்துவிட்டு என்னை முறைத்தபடி குழாயடிக்குப் போனார்கள். அதில் தப்பு இல்லை, எனக்குத் திட்டு விழுந்திருந்தாலும் தகும். அவருக்கு எங்கள் பேச்சு புரியவில்லை, ஆனால் கீழே வைத்த தட்டுகள் புரிந்தன. பாத்திரத்தில் இன்னும் பாதி இருந்தது. அவர் கரண்டியைப் பிடித்தபடி ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த அக்கா என் கையிலிருந்து கவரைத் திரும்பப் பிடுங்கினார். வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் பிடுங்குகிறார் என்று பதறினேன். இல்லை. அறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார்.

"வூட்டுக்குத்தான் கொண்டுனு போவக் கூடாது. இங்க துன்னா இன்னா? சாவு வூட்ல துன்னுட்டுதான வரோம்" என்றார். ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்றார். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்து, "உங்கம்மா பேரு இன்னா, சார்?" என்று கேட்டார்.

நான் இங்கிலீஷில் சொன்னேன். அவர் பேரைச் சொன்னார். அக்காவுக்கு வாயில் நுழையவில்லை, மறுபடியும் சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவை நுழைந்தது. அந்தப் பேரைச் சொல்லி, என்ன தப்பு செஞ்சிருந்தாலும் சாமி மன்னிக்கட்டும், புள்ள பெத்து வளத்தவ என்றார். குழாயடியிலிருந்து ஒருவர் திரும்பி வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு இன்னொருவர். போனவர்கள் போனார்கள். உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவரும் பேரைக் கேட்டு, தடுக்கித் தடுக்கிச் சொல்லி, தின்றார்கள். அவர் குனிந்து குனிந்து பரிமாறினார். கண்ணீரைத் துடைக்கவில்லை.

பாத்திரத்தில் ஒரு பிடி மிஞ்சியது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீ துன்னல" என்றார். எங்கள் அடுக்களையில் கற்றுக்கொண்ட தமிழ்.

முப்பது பேருக்குக் கொடுத்தேனே ஒழிய நான் ஒரு மணியைக்கூட வாயில் வைத்துப் பார்க்கவில்லை. இனிப்பு சரியா என்றுகூடப் பார்க்கவில்லை. சமையல்காரி எவளும் அப்படி இருக்க மாட்டாள். மகள் கல்யாணம், சாவுப் பண்டம் ஆகாது என்று ஆரம்பித்தேன். அவருக்குப் புரிந்தது. பரவாயில்லை, பரவாயில்லை என்று கையை அசைத்து அந்தப் பிடியைத் தானே எடுக்கப் போனார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பரவாயில்லைதான் என்னால் தாங்க முடியவில்லை. கீழே அந்த அக்கா, மாசமான மகளை வீட்டில் வைத்துக்கொண்டு, விரலை நக்கிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

கோதுமை மெல்ல மெல்ல இனித்தது. நடுவில் மாதுளை வெடித்தது. நெய் இல்லாததே தெரியவில்லை. நான் அந்த அம்மாவின் பேரைச் சொல்லி, சாமி மன்னிக்கட்டும் என்றேன். வாயில் இருந்ததை மென்று முடிக்காமலே, "பொய் சொன்ன என்னையும் சேத்து" என்றேன். அக்கா என் முதுகில் ஒன்று போட்டார்.

எல்லாரும் குழாயடியில் கால் கழுவிக்கொண்டு போனார்கள். போய் வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை, சாவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. அவர் காலிப் பாத்திரத்தைப் போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது. யார் இவ்வளவையும் சாப்பிட்டது, அவர்கள் என்ன ஆட்கள் என்று கேட்டிருந்தாள். அவர் போனை என் பக்கம் நீட்டினார். தமிழ் ஆட்கள் என்று எழுதட்டுமா, ஆந்திரா ஆட்கள் என்று எழுதட்டுமா, எது சரி என்று என்னிடம் கேட்டார்.

நான் பாத்திரத்தைக் கழுவ எடுத்துக்கொண்டே, "உங்கம்மாவுக்காகத் துன்னவங்கன்னு எழுதுங்க, சார்" என்றேன்.